ரேயால் தெ கதோர்சே: சுரங்கப்பாதை வழியே நுழையும் வெள்ளி ஊருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோவின் சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தின் வடக்கில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ரேயால் தெ கதோர்சே. 1770-களில் இங்கே வெள்ளி கிடைத்தது. ஸ்பானிய முடியாட்சியின் கீழ் இயங்கிய சுரங்க ஊர்களுக்கு ‘ரேயால்’ என்று பெயர். ‘கதோர்சே’ என்றால் பதினான்கு. ஊருக்கு இந்தப் பெயர் வரக் காரணமானவர்கள் என்று சொல்லப்படும் பதினான்கு பேர் படைவீரர்களா கொள்ளையரா என்பதில் ஊர்க்கதைகள் ஒத்துப்போவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்தார்கள். பிறகு வெள்ளி விலை சரிந்தது, 1910-இல் புரட்சி வெடித்தது, சுரங்கங்கள் மூடின, மக்கள் கூரையைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இன்று இருப்பவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான்.

இந்த ஊரை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பகல் பயணிகள் காலை பதினொரு மணிவாக்கில் வந்து குவிந்து மாலை ஐந்துக்குள் போய்விடுவார்கள். அவர்கள் காண்பது கடைத்தெருவைத்தான். சுவர்களில் மஞ்சள் வெயில் சாய்கிற நேரமும், குதிரைக் குளம்பொலி தவிர வேறு சத்தமில்லாத காலையும் இரவு தங்குகிறவர்களுக்கே கிடைக்கும். குறைந்தது இரண்டு இரவுகள் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

எந்த நாட்களில் போவது

திங்கள் முதல் புதன் வரை ஊர் அமைதியாக இருக்கும், ஆனால் பாதி உணவகங்கள் பூட்டியிருக்கும். சனி, ஞாயிறில் எல்லாம் திறந்திருக்கும், நடக்க இடமிருக்காது. வியாழன் பிற்பகல் வந்து சனிக்கிழமை காலை கிளம்புவதே சரியான கணக்கு. வெள்ளிக்கிழமை முழுநாளும் கையில் இருக்கும், சாப்பாட்டுக் கடைகளும் திறக்கத் தொடங்கியிருக்கும்.

அக்டோபர் 4 அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாள். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்தே பல மாநிலங்களிலிருந்து யாத்ரிகர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். திருவிழாவைப் பார்க்கவென்றே வருவதானால் பல மாதம் முன்னதாக அறை பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் வாரத்திலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் இதே நெரிசல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியோடு மழை பெய்யும், மலை நடைகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் இதமாக இருந்தாலும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். கல் சுவர் அறைகள் பகல் வெயிலை உள்ளே விடாது. அறை பிடிக்கும்போதே ‘சிமெனேயா’, அதாவது கணப்பு, உண்டா, விறகு வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். புகைபோக்கி இல்லாத கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு மட்டும் தூங்கவே கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இதே விதிதான். விதிகள் மாறக்கூடியவை, சீட்டு வாங்குமுன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்தியதும் எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்று அங்கேயே பாருங்கள். 180 நாள் என்பது உச்ச வரம்பு. எல்லோருக்கும் அதைத் தருவதில்லை.

மத்தேவாலா வரை

ரேயாலுக்குப் போகும் வாசல் மத்தேவாலா. 57-ஆம் நெடுஞ்சாலை மேல் இருக்கிற நகரம். சான் லூயிஸ் பொதோசியிலிருந்து இரண்டரை மணி நேரம், மொந்தெர்ரேயிலிருந்து நான்கு முதல் ஐந்து, மெக்சிகோ சிட்டியின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஏழு முதல் எட்டு மணி நேரம். பகல் பேருந்தையே பிடியுங்கள். இரவு முழுக்கப் பயணம் செய்து உடனே மலையேறினால் முதல் நாள் தலைவலியில் போய்விடும். மெக்சிகோ சிட்டியே 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும். மொந்தெர்ரே 540 மீட்டர்தான், அங்கிருந்து வருகிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மத்தேவாலாவில் இறங்கியதும் நான்கு வேலைகள்.

1. ரேயாலுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று கவுன்ட்டரில் கேளுங்கள்: “அ கே ஓரா சாலே எல் சிகியெந்தே பாரா ரேயால்?” ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். திரும்பும் நேரங்களையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
2. ஏடிஎம்-இல் பணம் எடுங்கள். தங்கும் நாட்களுக்கு வேண்டிய முழுத் தொகையும், அதன் மேல் ஒரு நாள் செலவும். ரேயாலில் ஏடிஎம்-ஐ நம்ப முடியாது, பல கடைகளில் அட்டை வாங்கமாட்டார்கள். 500 பேசோத் தாள்களில் சிலவற்றை இங்கேயே 50, 100 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மலைமேல் குதிரைக்காரரிடமும் பலகாரக் கடையிலும் சில்லறை கிடைக்காது.
3. மருந்து வாங்குங்கள். தலைவலி மாத்திரையும் வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் போதும்.
4. ஊர் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். மேலே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

கல் பாவிய சாலையும் ஒகார்ரியோ சுரங்கப்பாதையும்

மத்தேவாலாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். செத்ரால் ஊரைத் தாண்டியபின் தார்ச் சாலை முடிந்து, கையால் பதித்த கற்களின் மேல் சுமார் 25 கிலோமீட்டர் வண்டி அதிர்ந்துகொண்டே ஏறும். பயண வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள்.

வாடகைக் காரில் வருவதானால் பெட்ரோலை மத்தேவாலாவில் முழுதாக நிரப்புங்கள். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். கல் சாலையில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவேண்டாம். வேகமாகப் போனால் கல்லின் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அங்கே கிழிந்த டயரைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

சாலை போய் முட்டுமிடம் ஒரு மலை. அதைக் குடைந்த 2.3 கிலோமீட்டர் சுரங்கப்பாதைதான் ஊரின் வாசல். 1901-இல் திறந்தார்கள். சுரங்க முதலாளிகளான தெ லா மாசா குடும்பத்தின் ஸ்பானியச் சொந்த ஊர் ஒகார்ரியோ, அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு வண்டி போகும் அகலம். எனவே ஒரு பக்கத்து வண்டிகள் எல்லாம் வந்து முடிந்தபின்தான் மறுபக்கத்தை விடுவார்கள். இரு வாயிலிலும் நிற்கும் ஆட்கள் தொலைபேசியில் பேசி முறை வைக்கிறார்கள். சாதாரண நாளில் ஐந்து முதல் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் வெளியூர்க் கார்களை உள்ளே விடாமல், வெளியிலேயே நிறுத்தச் சொல்வதும் உண்டு.

பெரிய பேருந்து இந்தப் பாதையில் நுழையாது. வாயிலில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிறிய வண்டிக்கு மாற வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் முதலில் வாங்கிய சீட்டு, எனவே அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சுரங்கப்பாதையை நடந்து கடக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், உள்ளே வண்டிப் புகை தேங்கி நிற்கும், ஒதுங்க இடமும் குறைவு.

முதல் மாலை

சுரங்கப்பாதையின் மறுமுனையில் லான்சகோர்தா தெரு தொடங்கி, கடைகளின் நடுவே கோவில்வரை போகிறது. ஊரின் முதுகெலும்பு இதுதான். எல்லாத் தெருவிலும் மேடு பள்ளமான கற்கள். உருளைப்பெட்டியின் சக்கரம் நூறு மீட்டர்கூடத் தாங்காது, முதுகுப்பையே உதவும். அடிப்பகுதி மென்மையாகவும் பிடிமானமாகவும் உள்ள காலணி போடுங்கள். மழையில் நனைந்த கல், எண்ணெய் தடவியதுபோல வழுக்கும்.

முதல் மாலை மலையேற்றம் எதுவும் வேண்டாம். பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குவது இந்த உயரத்தில் இயல்புதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மெஸ்கால் சாராயத்தை அடுத்த நாளைக்குத் தள்ளிவையுங்கள், இரவு உணவை அளவாக முடியுங்கள். தலைவலி ஓய்வெடுத்தும் குறையாமல் வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் பொறுத்துப் பார்க்காமல் மத்தேவாலாவுக்கு இறங்கிவிடுங்கள். உயரத்தால் வரும் நோய்க்குக் கீழே இறங்குவதே மருந்து.

குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடாது. தங்குமிடங்களில் ‘கர்ராஃபோன்’ என்ற 20 லிட்டர் குடம் இருக்கும், அதில் பிடித்துக்கொள்ளலாம். ஊரில் தண்ணீர் அருமையானது, குளியலைச் சுருக்கமாக முடியுங்கள்.

கோவிலும் தகரப் படங்களும்

மறுநாள் காலை, பகல் கூட்டம் வருமுன், தூய அமலோற்பவ மாதா கோவிலுக்குப் போங்கள். கட்டிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். உண்மையான செல்வம் உள்ளே பக்க அறையின் சுவர்களில் இருக்கிறது. ‘ரெத்தாப்லோ’ என்ற நேர்த்திப் படங்கள், பெரும்பாலும் உள்ளங்கை இரண்டளவு தகரத் துண்டுகளில் வரைந்தவை.

ஒன்றின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். மேற்பகுதியில் நடந்த சம்பவம் இருக்கும்: கவிழ்ந்த லாரி, கட்டிலில் படுத்த குழந்தை, கத்தியோடு நிற்கும் மருத்துவர். ஒரு மூலையில், மேகத்தின் நடுவே, பழுப்பு அங்கியில் புனித பிரான்சிஸ். கீழே இரண்டு மூன்று வரிகளில் பெயர், ஊர், தேதி, “தோய் கிராசியாஸ்” என்று தொடங்கும் நன்றி. எழுத்துப் பிழைகளும் அப்படியே இருக்கும். பலவற்றை எழுதியவர்கள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள், சொல்ல வந்தது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். உலோகத்தில் செய்த சிறு கை, கால், கண் உருவங்களும் காணிக்கையாக இருக்கும். புனிதரின் சிலையை மக்கள் ‘பஞ்சிதோ’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். முழந்தாளிட்டு நகர்ந்து வருகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள், வழிவிட்டு ஒதுங்குங்கள். ஃபிளாஷ் எங்குமே வேண்டாம்.

கோவிலுக்கு எதிரே பழைய நாணயச்சாலை. 1860-களின் நடுவில் சுமார் 14 மாதம் மட்டுமே இங்கே காசு அடித்தார்கள். இப்போது அது பண்பாட்டு மையம். சேவல் சண்டை அரங்கின் வட்டப் படிகளையும், ஊரின் ஓரத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் குவாதலூப்பே சிற்றாலயத்தின் மங்கிய சுவரோவியங்களையும் நடையோடு நடையாகப் பார்க்கலாம்.

பேய் ஊர் நடை

ஊருக்கு மேலே இருக்கும் கைவிட்ட சுரங்கக் குடியிருப்பைப் ‘புவெப்லோ ஃபந்தாஸ்மா’, பேய் ஊர், என்கிறார்கள். சுரங்கப்பாதை வாயிலருகே தொடங்கும் ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் போதும், வழி தெளிவாகத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, மாலையில் கழுத்துத் தோல் உரியும்போதுதான் தெரியும்.

இங்கே உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. இடிபாடுகளின் நடுவே ‘தீரோ’ என்ற செங்குத்துச் சுரங்கக் கிணறுகள் திறந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேலி கிடையாது. விளிம்பு மண் நூறாண்டாக இளகியிருக்கிறது, எட்டிப் பார்க்கிறவரின் எடையைத் தாங்காமல் சரியலாம். பாதையை விட்டு விலகாதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள், கூரையற்ற சுவர்கள்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். மூடுபனி இறங்கினால் அதே வழியில் உடனே திரும்புங்கள்.

கெமாதோ மலை: வழிபாட்டிடம்

விஹாரிக்கா பழங்குடி மக்களுக்கு இந்த மலையும் அடிவாரப் பாலைநிலமும் சேர்ந்த விரிகுதா புனித நிலம். கெமாதோ மலையில்தான் சூரியன் பிறந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. மேற்கே நயாரித், ஹலிஸ்கோ மலைகளிலிருந்து அவர்கள் வரும் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட யாத்திரைப் பாதையை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உச்சியில் வட்டவட்டமாக அடுக்கிய கற்களும் சிறு கோவிலும் இருக்கும். உள்ளே மெழுகுவர்த்தி, அம்பு, சுரைக்குடுவை, மான்கொம்பு என்று காணிக்கைகள். எதையும் தொடாதீர்கள், ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். காவலுக்கு இருப்பவர் கேட்கும் சிறு தொகையைக் கொடுத்துவிடுங்கள். சடங்கு நடந்துகொண்டிருந்தால் கீழேயே நில்லுங்கள்.

பெயோத்தே கள்ளி பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியாக வேண்டும். விஹாரிக்கா மக்கள் ‘ஹிகுரி’ என்று வணங்கும் அந்தச் செடியைச் சடங்குக்காகப் பறிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மற்றவர்கள் பறிப்பதும் வைத்திருப்பதும் மெக்சிகோ சட்டப்படி குற்றம். செடி முதிர்வதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், பயணிகள் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது. தெருவில் யாராவது காதோடு காதாக அழைத்தால் தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நடந்து போய்வர அரை நாள் வேண்டும். குதிரையில் மூன்று மணி நேரம் போல ஆகும், கடைசி ஏற்றத்தில் இறங்கித்தான் நடக்க வேண்டும். குதிரைக்காரர்கள் இதால்கோ சதுக்கத்தில் நிற்பார்கள். ஏறுமுன் மூன்றைப் பேசி முடியுங்கள்: மொத்த நேரம், ஆளுக்கா குதிரைக்கா விலை, வழிகாட்டியின் குதிரைக்கும் நீங்கள் கொடுக்கவேண்டுமா.

பிறகு சேணத்தைச் சரிபாருங்கள். வயிற்றுப் பட்டைக்கும் குதிரையின் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. முழுக் கையும் போனால் பட்டை தளர்வு, சரிவில் சேணம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். அங்கவடியின் நீளம் உங்கள் கை நீளம் இருக்க வேண்டும்: விரல் நுனியைச் சேணத்தில் வார் தொடங்குமிடத்தில் வைத்தால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அதில் வைத்துக் குதிகாலைக் கீழே அழுத்துங்கள். முழுப் பாதத்தையும் நுழைத்தால் விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். முதுகில் புண் இருக்கும் குதிரையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாமென்று சொல்லுங்கள்.

வில்லிஸ் ஜீப்

ஊரிலிருந்து மேற்கே, பாலைநிலத்தில் இருக்கும் எஸ்தாசியோன் கதோர்சே ரயில் நிலையத்துக்குப் பழைய வில்லிஸ் ஜீப்புகள் இறங்குகின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏறக்குறைய 900 மீட்டர் இறக்கம், ஒரு மணி நேரம். கூரைமேல் உட்கார இடம் உண்டு. இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க முடிகிறவர்கள் மட்டும் அங்கே ஏறட்டும். மூக்கை மூடத் துணி அவசியம். விலை ஜீப்புக்கா ஆளுக்கா என்று முதலிலேயே தெளிவாக்குங்கள். இரண்டு பேருக்கு முழு ஜீப் கட்டுப்படியாகாது, சதுக்கத்தில் வேறு பயணிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கீழிருந்து திரும்பிவர அதே ஜீப் காத்திருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சைவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்

லான்சகோர்தா தெருவில் கிடைக்கும் ‘கோர்தித்தா’ மலிவான, வயிறு நிறைக்கும் உணவு. தடித்த சோள அடையைத் தட்டைக் கல்லில் வேகவைத்து, ஓரத்தைப் பிளந்து உள்ளே பொருள் வைப்பார்கள். சீஸ் என்றால் ‘கேசோ’, வதக்கிய மிளகாய்க் கீற்று ‘ராஹாஸ்’, சப்பாத்திக்கள்ளி மடல் ‘நோபாலேஸ்’. இந்த மூன்றும் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

‘ஃப்ரிஹோலேஸ்’ பீன்ஸ் மசியலில்தான் சிக்கல். அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது இங்கே வழக்கம். “யேவா மந்தேகா?” என்று கேளுங்கள். மெக்சிகோவில் ‘மந்தேகா’ என்றால் பன்றிக் கொழுப்பு, ‘மந்தேகீயா’ என்றால் வெண்ணெய். உச்சரிப்பில் கவனம் தேவை. சோற்றைக் கோழி ரசத்தில் வேகவைப்பதும் சகஜம்: “யேவா கால்தோ தெ போயோ?” இறைச்சி வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னால் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியை மட்டும் விலக்கிவிட்டுக் கோழி ரசத்தை ஊற்றிவிடுவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அங்கே அந்தச் சொல்லின் பொருளே அப்படி.

மாநிலத்தின் சிறப்பு உணவு ‘எஞ்சிலாதாஸ் பொதோசினாஸ்’. மாவிலேயே மிளகாய் விழுதைப் பிசைந்து, சீஸ் வைத்து மடித்துப் பொரிப்பது. எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வசந்த காலத்தில் வந்தால் உருளைக் கள்ளியின் மொட்டான ‘கபூச்சே’ கிடைக்கும். மற்ற மாதங்களில் மத்தேவாலாவில் ஊறுகாய்ப் பாட்டில்களில் வாங்கலாம். கள்ளிப்பழச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சிய ‘கேசோ தெ தூனா’ பெயரில்தான் சீஸ், சுவையில் நம் கருப்பட்டியை நினைவுபடுத்தும் இனிப்பு. கெடாது, ஊருக்கு எடுத்துவரத் தோதானது.

திரும்பும் நாள்

மத்தேவாலாவில் எழுதிக்கொண்ட நேரத்தை முந்தின மாலையே விடுதியில் சொல்லிச் சரிபாருங்கள். சிறிய வண்டி சுரங்கப்பாதையைக் கடந்து மறுமுனையில் பெரிய பேருந்தோடு சேர வேண்டும் என்பதால், அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்பே வாயிலில் நில்லுங்கள். ஞாயிறு பிற்பகலில் கார் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அன்று கிளம்பியே ஆகவேண்டுமானால் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். மத்தேவாலாவிலிருந்து அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சீட்டு வாங்குங்கள், விமானம் இருந்தால் அதே நாளில் வைக்காதீர்கள்.